நாற்பதாயிரத்துக்குள் ஒரு வி.ஆர். ஹெட்செட்: சிம் ரேசிங்குக்கான தேர்வு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கணினியில் நிஜப் பந்தயக் காரைப் போல ஓட்டும் சிம் ரேசிங்குக்கு மெய்நிகர் காட்சி (வி.ஆர்.) ஹெட்செட் வாங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. சந்தையில் ஹெட்செட்டுகளை மதிப்பிடும் அளவுகோல்களில் பாதி நமக்குப் பொருந்தாது. நாம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுவதில்லை. இரு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்கும். கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்கள் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பயனில்லை. அறையை அளந்து நடமாடும் வசதி, நிஜ அறைக்குள் பொம்மைகளைக் காட்டும் கலப்புக் காட்சி, ஹெட்செட்டிலேயே விளையாட்டை இயக்கும் சிப்பின் வேகம் ஆகியவற்றுக்கெல்லாம் கொடுக்கும் பணம் கார் ஓட்டுபவருக்கு வீண். நமக்கு வேண்டியவை மூன்று: கண்ணுக்கு நேராக நிற்கும் லென்ஸ், கணினி தளராமல் கொடுக்கக்கூடிய காட்சி, அந்தக் காட்சி தாமதமில்லாமல் வந்து சேரும் இணைப்பு. பட்ஜெட் சிறியதாக இருக்கும்போது இந்த மூன்றுக்கு வெளியே ஒரு ரூபாயும் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோவை நண்பர் ஒருவருக்காக ஹெட்செட் தேர்ந்தெடுத்த அனுபவத்தை வைத்து அதை விளக்குகிறேன்.

நிலைமை

நண்பருக்கு வயது நாற்பதைத் தொடுகிறது. கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இளவயதில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பந்தயம் பார்த்தவர். இருக்கையையும் ஸ்டியரிங்கையும் தாங்கும் சட்டமான அவருடைய காக்பிட் கடையில் வாங்கியது அல்ல. சதுரக் குழாயை அறுத்து, தானே வெல்டிங் செய்து, பழைய கார் ஒன்றின் இருக்கையைப் பொருத்தியிருக்கிறார். எவ்வளவு அழுத்தி பிரேக் மிதித்தாலும் அது ஒரு மில்லிமீட்டர் கூட அசையாது. அதில் லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங்கும் பெடல்களும் இருக்கின்றன. கணினியில் ரைசன் 5 5600 பிராசஸர், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி நினைவகம், விண்டோஸ் 11. எதிரே 24 அங்குல மானிட்டர் ஒன்று. அவர் பெரும்பாலும் ஓட்டுவது அசெட்டோ கோர்சா, ஆட்டோமொபிலிஸ்டா 2 ஆகிய பந்தய விளையாட்டுகள் இரண்டும்தான். அவ்வப்போது அசெட்டோ கோர்சா கம்பெடிசியோனே.

கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருந்தது. மூன்று மானிட்டர் வைப்பதா, வி.ஆர். வாங்குவதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அறையில் மூன்று மானிட்டருக்கு இடமில்லை என்பதால் அது அங்கேயே முடிந்தது. ஆனால் இடம் இருந்திருந்தாலும் நான் வி.ஆர். பக்கம்தான் நின்றிருப்பேன்.

கலிபோர்னியாவில் உள்ள லகுனா செகா தடத்தில் கார்க்ஸ்க்ரூ என்ற வளைவு இருக்கிறது. மேட்டின் உச்சியில் இடப்பக்கம் திரும்பி, உடனே வலப்பக்கம் விழ வேண்டும். அந்தச் சிறு தூரத்துக்குள் தடம் சுமார் 18 மீட்டர் கீழே இறங்குகிறது. மானிட்டரில் அதை ஓட்டும்போது சாலை மேலே போய் மறைவது போலத் தெரியும், அவ்வளவுதான். ஹெட்செட்டில் உச்சிக்கு வந்ததும் முன்னால் வெறும் வானம் தெரியும். அடுத்த கணம் பள்ளம் கண்முன் திறக்கும். தலையைத் திருப்பி, கீழே இருக்கும் வளைவின் உட்புள்ளியைத் தேடுவீர்கள். நிஜ ஓட்டுநரும் அங்கே அதைத்தான் செய்கிறார். ஆழம் கண்ணுக்குத் தெரிவதால் பிரேக்கை எங்கே விடுவது என்பதைக் கால் தானாகக் கற்றுக்கொள்கிறது. தடத்தின் சரிவு, முன்னே போகும் காரின் தூரம், பக்கத்தில் ஒட்டி வரும் காரின் இடைவெளி ஆகிய மூன்றையும் மானிட்டர் ஊகிக்க வைக்கிறது. வி.ஆர். அவற்றை நேரடியாகக் காட்டிவிடுகிறது.

முதலில் அளந்தது கண்ணை

ஹெட்செட் விலைகளைப் பார்ப்பதற்கு முன் நண்பரைக் கண்ணாடி முன் நிறுத்தி, மூக்கின்மேல் அளவுகோலை வைத்து, இரு கருவிழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கச் சொன்னேன். 67 மில்லிமீட்டர் வந்தது. கண் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டிலும் அதே எண் இருந்தது. பெரியவர்கள் பலருக்கு 63-ஐ ஒட்டி இருக்கும். இவருக்குச் சற்று அகலம்.

இந்த ஓர் எண் எத்தனை ஹெட்செட்டுகளைக் கழித்துவிடுகிறது என்று பாருங்கள். 2019-இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் எஸ் பழைய சந்தையில் மலிவு. கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் கம்பி வழியாக நேரடியாகக் காட்சி வாங்குவதால் தாமதமும் குறைவு. ஆனால் அதில் லென்ஸ்களை நகர்த்த வழியே இல்லை. நடுத்தர அளவுக்காகப் பொருத்தியது அப்படியே நிற்கும். 67 மி.மீ. கண்ணுக்கு அதில் படம் கூர்மையாக விழாது, அரைமணியில் கண் வலிக்கத் தொடங்கும். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3எஸ் இரண்டிலும் 58, 63, 68 என்று மூன்று நிலைகள் மட்டுமே உண்டு. நண்பருக்கு 68 பொருந்தும். கண் தூரம் 60.5 அல்லது 65.5 என்று இரு நிலைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்பவர்களுக்குத்தான் சிக்கல். அவர்கள் உருளையைச் சுழற்றி நுட்பமாக நகர்த்தக்கூடிய குவெஸ்ட் 3 போன்றவற்றின் பக்கம் போவதே நல்லது.

அடுத்தது கண்ணாடிப் பவர். நண்பருக்கு இரு கண்ணிலும் மைனஸ் 1.5. திரை கண்ணுக்கு ஒட்டி இருக்கிறதே, கிட்டப்பார்வை உள்ளவருக்குக் கண்ணாடி எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். லென்ஸ்கள் அந்தத் திரையை ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பது போலக் கண்ணுக்குக் கொண்டுவருகின்றன. மைனஸ் 1.5 உள்ள கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் எல்லை, ஒன்றை ஒன்றரையால் வகுத்தால் வரும் 67 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் மங்கல்தான். மைனஸ் 0.75-க்குள் இருப்பவருக்கு அந்த எல்லை 133 சென்டிமீட்டர். அவர் கண்ணாடி இல்லாமலே சமாளித்துவிடலாம். படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போடும் நாற்பது வயதுக்காரர்களுக்கும் ஹெட்செட்டுக்குள் அது பெரும்பாலும் தேவைப்படாது.

நண்பருக்குத் தேவை. மூக்குக் கண்ணாடியோடு ஹெட்செட்டை மாட்டினால் இரு லென்ஸ்களும் உரசும். ஹெட்செட்டின் பிளாஸ்டிக் லென்ஸில் விழும் கீறலை எடுக்கவே முடியாது. ஆகவே பவர் லென்ஸ் செருகிகளுக்கு நாலாயிரம் ரூபாயைப் பட்ஜெட்டில் முதலிலேயே ஒதுக்கினோம். ஹெட்செட்டுக்கு மிஞ்சியது முப்பத்தாறு.

ஆசை காட்டிய ரிவெர்ப்

பழைய பொருள் சந்தையில் எச்பி ரிவெர்ப் ஜி2 ஒன்று ஆச்சரியமான விலைக்கு வந்தது. 2020 நவம்பரில் வெளிவந்தபோது 599 டாலர் விலையுள்ள ஹெட்செட் அது. கண்ணுக்கு 2160-க்கு 2160 பிக்சல், டிஸ்ப்ளேபோர்ட் கம்பி, வால்வ் நிறுவனம் வடிவமைத்த லென்ஸ்களும் ஒலிபெருக்கிகளும், 60 முதல் 68 மி.மீ. வரை நகரும் கண் அளவு. கன்ட்ரோலர்கள் சுமார் என்று எல்லோரும் சொன்னார்கள். நமக்கு அது பொருட்டே இல்லை. சிம் ரேசிங் செய்பவர்களும் கணினியில் விமானம் ஓட்டுபவர்களும் அந்த நாட்களில் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள்.

அது ஏன் இவ்வளவு மலிவு என்பதற்குக் காரணம் ஹெட்செட்டில் இல்லை, விண்டோஸில் இருக்கிறது. ரிவெர்ப் இயங்குவது விண்டோஸ் மிக்ஸட் ரியாலிட்டி என்ற மென்பொருளின் மேல். அதைக் கைவிடப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்தது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அதை முழுமையாக நீக்கிவிட்டது. அந்தப் பதிப்புக்கு மாறிய கணினியில் ரிவெர்பைச் செருகினால் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி. சாம்சங் ஒடிசி, லெனோவோ எக்ஸ்ப்ளோரர், டெல் வைசர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பழைய 23எச்2 பதிப்பிலேயே தங்கிவிடலாம் என்றால், வீட்டுக் கணினிகளுக்கு அதன் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 நவம்பரில் நின்றுபோயின. தனி மனிதர் ஒருவர் சொந்த முயற்சியில் எழுதிய இலவச டிரைவர் மென்பொருள் ஒன்று 2025-இல் வந்து இந்த ஹெட்செட்டுகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்திருக்கிறது. என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு அது வேலை செய்கிறது. அந்த உழைப்பை நான் மனமார மதிக்கிறேன். ஏற்கெனவே ரிவெர்ப் வைத்திருப்பவர் அதைத் தூக்கிப்போடத் தேவையில்லை.

ஆனால் புதிதாகப் பணம் போடுபவருக்குக் கணக்கு வேறு. ஹெட்செட்டோடு வரும் கம்பி பழுதாவது அந்த மாடலில் தெரிந்த நோய். மாற்றுக் கம்பி இனிக் கிடைப்பது அரிது. வாழ்க்கையில் முதல் ஹெட்செட் வாங்குபவர், பட்டறையை மூடிவிட்டு வந்து இரவு ஒருமணி நேரம் ஓட்டுபவர், அந்த ஒருமணி நேரத்தை டிரைவர் சரிசெய்வதில் செலவழிக்கக் கூடாது. நண்பர் இரண்டு நாள் வாதாடினார். "படம் அதில்தானே நன்றாக இருக்கும்?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கும். இருந்தும் வேண்டாம் என்றேன்.

அவருடைய கார்டு ரிவெர்புக்கு ஈடுகொடுத்திருக்காது என்பது இரண்டாவது காரணம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கார்டு தாங்கும் சுமை

1080பி மானிட்டர் ஒன்றில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். குவெஸ்ட் 3எஸ்-இல் கண்ணுக்கு 1832-க்கு 1920, இரு கண்ணுக்கும் சேர்த்து 70 லட்சம். குவெஸ்ட் 3-இல் 91 லட்சம். ரிவெர்ப் ஜி2-இல் 93 லட்சம். லென்ஸின் வளைவைச் சரிசெய்ய வேண்டியிருப்பதால் கார்டு வரையும் படம் திரையின் அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஆகவே உண்மைச் சுமை இதற்கும் மேல். மானிட்டரில் நொடிக்கு வரும் படங்களின் (ஃபிரேம்) எண்ணிக்கை 60-இலிருந்து 50-க்கு இறங்கினால் சிறு தடுமாற்றம், அவ்வளவுதான். ஹெட்செட்டில் அப்படி இறங்கினால் உலகமே நடுங்கும். வயிறு அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

72 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 72 படம் என்றால், ஒரு படத்தை வரைய 13.9 மில்லிவினாடி கிடைக்கிறது. 90-இல் 11.1. 120-இல் 8.3. விளம்பரங்கள் 120-ஐத் தூக்கிப்பிடிக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 வைத்திருப்பவர் அதைப் பார்க்கவே வேண்டாம். எந்த நிலையிலும் தவறாத 72, அடிக்கடி தவறும் 90-ஐவிடப் பல மடங்கு மேல். கணினி தடுமாறும்போது மென்பொருள் பாதி ஃபிரேம்களை மட்டும் வரையச் சொல்லி, மீதியைத் தானே கற்பனை செய்து நிரப்பும் வசதி ஒன்று உண்டு. விமான விளையாட்டுகளில் அது உதவலாம். காரில் வேலிக் கம்பிகளும் முன்கண்ணாடியின் பக்கத் தூணின் விளிம்பும் நெளிந்து ஆடும். அதை நிறுத்திவைத்தோம்.

தனியாக ஒரு லேப் (தடத்தில் ஒரு சுற்று) ஓட்டிப் பார்த்து கிராஃபிக்ஸ் அமைப்புகளை முடிவு செய்வது பயனற்றது. இருபது கார்களுக்குப் பின்னால், கடைசி வரிசையில், பந்தயம் தொடங்கும் அந்த முதல் வளைவில்தான் சோதிக்க வேண்டும். அங்கே 13.9 மில்லிவினாடிக்குள் அடங்கினால் மற்ற இடங்களில் கவலையில்லை. அப்படிச் சோதித்ததில் ஆட்டோமொபிலிஸ்டா 2 நிழல்களையும் பிரதிபலிப்பையும் குறைத்ததும் கட்டுக்குள் வந்தது. படமும் விளிம்புகளும் கூர்மையாகவே நின்றன. 2014-இல் வெளிவந்த அசெட்டோ கோர்சா இன்றைய கார்டுக்கு இலேசான சுமை. பின்காட்டும் கண்ணாடிகளின் தரத்தைக் குறைத்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது. கம்பெடிசியோனே மட்டும் பணியவில்லை. அன்ரியல் எஞ்சின் 4-இல் கட்டப்பட்ட அந்த விளையாட்டு வி.ஆர்.-இல் மிகவும் கனமானது. தாங்கும்படி குறைத்தால் தூரத்துக் காட்சி எல்லாம் புகைபோல மங்கிவிடுகிறது. அதை மானிட்டரிலேயே விட்டுவிட்டோம். நீங்கள் ஓட்டுவது அது ஒன்றுதான் என்றால், இந்தக் கார்டோடு ஹெட்செட் வாங்காதீர்கள். முதலில் கார்டை மாற்றுங்கள்.

கம்பியா, காற்றா, இரண்டும் இல்லையா

குவெஸ்ட் வரிசையில் எதற்கும் டிஸ்ப்ளேபோர்ட் இல்லை. கணினியின் கார்டு வரைந்த படத்தை வீடியோவாகச் சுருக்கி, யுஎஸ்பி கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ அனுப்புகிறது. ஹெட்செட் அதை விரித்துக் காட்டுகிறது. சுருக்கவும் விரிக்கவும் நேரம் பிடிக்கும். கார் ஓட்டுபவருக்கு இதனால் என்ன ஆகும்?

தலையைத் திருப்பும்போது தாமதம் தெரிவதில்லை. திரையில் காட்டுவதற்குச் சற்று முன், தலை இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்து, வந்த படத்தை ஹெட்செட் அதற்கேற்ப நகர்த்திவிடுகிறது. ஆனால் காரின் பின்பகுதி வழுக்குவது அதற்குத் தெரியாது. அந்தச் செய்தி கணினியிலிருந்து படத்தோடுதான் வர வேண்டும். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகும் காரில் 40 மில்லிவினாடி தாமதம் என்றால் இரண்டு மீட்டர் கடந்துவிட்டது. ஆகவே வேகமாக வழுக்கும் காரைப் பிடிக்கும்போதுதான் சுருக்கி அனுப்பும் ஹெட்செட்டின் குறை தெரியும். நல்லவேளையாக, வழுக்கலை முதலில் சொல்வது கண் அல்ல. ஸ்டியரிங்கின் எடை மாறுவதைக் கை முன்பே உணர்ந்துவிடுகிறது. ஸ்டியரிங்குக்கு ஹெட்செட்டின் தாமதம் கிடையாது. நண்பர் இதைப் பெரிய குறையாகச் சொல்லவில்லை. மிக நுட்பமாக ஓட்டும் போட்டியாளர் சொல்லக்கூடும். அவர் நேரடிக் கம்பியுள்ள ஹெட்செட்டுக்குப் போவதே முறை.

அப்படிப்பட்டவருக்கு இன்று நடுத்தர விலையில் பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 இருக்கிறது. கண்ணுக்கு 2000-க்கு 2040 பிக்சல் ஓலெட் திரை, 120 ஹெர்ட்ஸ் வரை. 2024 ஆகஸ்டில் கணினிக்கான இணைப்புக் கருவி வந்தது. 2025 மார்ச்சில் ஹெட்செட்டின் விலை அமெரிக்காவில் 549-இலிருந்து 399 டாலராக இறங்கியது. பிளேஸ்டேஷன் 5-உம் வைத்திருப்பவருக்கு கிரான் டுரிஸ்மோ 7 ஒன்றுக்காகவே வாங்கலாம். நம் நண்பரின் பட்ஜெட்டில் அது அடங்கவில்லை. லேப்டாப் வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எச்டிஎம்ஐ துளை மட்டும் இருந்தால் இந்த டிஸ்ப்ளேபோர்ட் ஹெட்செட்டுகள் எதுவும் வேலை செய்யாது.

வைஃபை வழியில் போவதானால், கணினியை ரவுட்டரோடு கம்பியால் இணைத்து, ஓட்டும் அறையிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டரை வைக்க வேண்டும். வீட்டு வைஃபை கூடத்தில் இருக்க, மாடி அறையில் பந்தயம் ஓட்டினால் மரங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக உடையும். வேகமாக ஓடும் இலைகளும் தார்ச்சாலையின் துகள்களும்தான் வீடியோவைச் சுருக்கும் மென்பொருளுக்கு மிகக் கடினமானவை. நண்பருக்கு நீளமான யுஎஸ்பி 3 கம்பியே போதுமானதாக இருந்தது. உட்கார்ந்த இடத்தில் கம்பி யாரையும் தடுக்காது. கூடவே சார்ஜும் ஏறுகிறது.

பழைய குவெஸ்ட் 2, புதிய 3எஸ்

கடைசியில் நின்றவை இவை இரண்டும்தான். உண்மையைச் சொன்னால், கணினி விளையாட்டுக்கு இரண்டின் படமும் ஏறக்குறைய ஒன்றே. அதே 1832-க்கு 1920 பிக்சல், அதே வகை வளையக்கோடு (ஃபிரெனல்) லென்ஸ், அதே மூன்று கண் நிலைகள். குவெஸ்ட் 2 வந்தது 2020 அக்டோபரில். 3எஸ் வந்தது 2024 அக்டோபரில், 299 டாலருக்கு. புதிய சிப் வீடியோவை வேகமாக விரிக்கிறது, ஏவி1 என்ற வீடியோ சுருக்க முறையையும் படிக்கிறது. ஆனால் ஆர்டிஎக்ஸ் 3060-க்கு ஏவி1-இல் சுருக்கத் தெரியாது. 40 வரிசைக் கார்டு வந்தால்தான் அது பயன்படும். ஆகவே பாதி விலைக்கு நல்ல குவெஸ்ட் 2 கிடைத்தால் அதையே வாங்கலாம் என்பதுதான் என் நிலைப்பாடாக இருந்தது.

பார்க்கப் போன ஒரு குவெஸ்ட் 2 வெளியே புதிதுபோல இருந்தது. கீறலில்லை, பட்டையில் அழுக்கில்லை. ஹெட்செட்டை இயக்கி, வெள்ளைப் பின்னணி கொண்ட பக்கம் ஒன்றைத் திறந்து பார்க்கச் சொன்னேன். இடது கண்ணில், நடுவுக்குச் சற்று மேலே, கடுகளவில் இரண்டு மஞ்சள் புள்ளிகள். அவற்றை இணைத்து மெல்லிய கோடு. வெயில் சுட்ட தடம் அது. லென்ஸ் மேல்நோக்கி இருக்க, ஜன்னல் ஓரம் சில நொடிகள் வைத்தால் போதும். சூரிய ஒளியை லென்ஸ் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும். சூரியன் நகர நகரக் கோடும் நீளும். இதைச் சரிசெய்ய வழியில்லை. இருண்ட முகப்புத் திரையில் அந்தப் புள்ளிகள் தெரியாது, வெள்ளையில்தான் தெரியும். பழைய ஹெட்செட் வாங்குபவர் யாராக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம். விற்பவர் தன் கணக்கிலிருந்து கருவியை நீக்கி, முழுமையாக அழித்துத் தருகிறாரா என்பதையும் அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். கன்ட்ரோலர் பழுதென்று விலை குறைத்துக் கேட்கலாம். நமக்கு அது அமைப்புகளைச் சரிசெய்யும்போது மட்டுமே தேவை.

நல்ல நிலையில் வேறொன்று அமையவில்லை. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய அக்கா கணவர் 3எஸ்-இன் 128 ஜிபி மாடலை வாங்கி வந்தார். வரியோடு ஏறத்தாழ இருபத்தேழாயிரம் ஆயிற்று. பழுதென்றால் இங்கே பார்க்க ஆளில்லை என்பதைத் தெரிந்தே எடுத்த முடிவு. கணினியில் விளையாட்டை இயக்குவதால் சேமிப்பிடம் கூடுதலாக வாங்கியும் பயனில்லை. மிஞ்சிய பணத்தில் பின்தலையைத் தாங்கும் உறுதியான பட்டை ஒன்றும் கம்பியும் வாங்கினோம். பெட்டியோடு வரும் துணிப்பட்டையில் அரை கிலோ எடையும் கன்னத்தில் இறங்கும். பட்டைக்குக் கொடுக்கும் பணம் ஆடம்பரம் இல்லை.

பொருத்திய விதம்

முதல் வேலை, திரைக்குள் தெரியும் ஸ்டியரிங்கும் கையில் இருக்கும் ஸ்டியரிங்கும் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்வது. நண்பரைக் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லி, பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னேன். திரைக்குள் இருந்த கைகள் ஒரு சாண் முன்னால் இருந்தன. இருக்கையின் இடத்தை விளையாட்டுக்குள் சிறிது சிறிதாக மாற்றி, இரண்டையும் சேர்த்தோம். சேர்ந்த அந்தக் கணத்தில் அவர் தோள்கள் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். உடம்பு அந்தக் காரை நம்பத் தொடங்கிவிட்டது. பார்வையை நடுவுக்குக் கொண்டுவரும் கட்டளையை ஸ்டியரிங்கிலேயே ஒரு பொத்தானுக்குக் கொடுத்தோம். கீபோர்டு கண்ணுக்குத் தெரியாது என்பதால் இது கட்டாயம். தடவினாலே அடையாளம் தெரிய, முக்கியமான இரண்டு பொத்தான்கள் மேல் துணி ஒட்டுப்பட்டைத் துண்டை ஒட்டினார்.

அறை விளக்கை அணைக்கக் கூடாது. ஹெட்செட்டில் உள்ள கேமராக்கள் அறையைப் பார்த்துத்தான் தலையின் இடத்தைக் கணிக்கின்றன. இருட்டில் கார் தானாக மிதக்கத் தொடங்கும். எதிரே ஒரு மேசை விசிறி வைத்தோம். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் முக மெத்தை அரைமணியில் நனைந்துவிடும், லென்ஸில் ஆவி படியும். விசிறிக் காற்று அதைத் தடுப்பதோடு குமட்டலையும் குறைக்கிறது.

குமட்டலைப் பற்றி நேராகவே சொல்கிறேன். கண் நகர்கிறது என்கிறது, உட்காது நகரவில்லை என்கிறது. அந்த முரண்பாட்டுக்கு உடல் பழக வேண்டும். வீம்புக்கு உட்கார்ந்து பழக முடியாது. முதல் வாரம் சமதளமான தடம், மெதுவான கார், குறைந்த நேரம். வயிற்றில் சிறு கலக்கம் தெரிந்த உடனே கழற்றிவிட வேண்டும். "இன்னும் ஒரு லேப்" என்று இழுத்தால் உடல் ஹெட்செட்டையே வெறுக்கப் பழகிவிடும். கார் சுழலும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். காரோடு சேர்ந்து அடிவானமும் ஆடாமல் நிறுத்தும் அமைப்பு இருந்தால் தொடக்கத்தில் அதைப் பயன்படுத்தலாம். நண்பருக்கு இரண்டாம் வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிட்டது. சிலருக்கு அடங்குவதே இல்லை. அதனால்தான் வாங்குவதற்கு முன் எங்காவது ஒருமுறை மாட்டிப் பாருங்கள் என்கிறேன்.

கிடைத்ததும் கிடைக்காததும்

பட்டியலில் எழுதாத ஒரு குறை ஓட்டும்போதுதான் தெரிந்தது. வளைவு எவ்வளவு தூரத்தில் என்று எண்ணால் காட்டும் தூரத்துப் பிரேக் பலகைகளைப் படிக்க முடிவதில்லை. கணக்குப் போட்டால் காரணம் புரியும். 3எஸ் ஒரு டிகிரிக்குச் சுமார் 20 பிக்சல் தருகிறது. ஒரு மீட்டர் அகலப் பலகை 150 மீட்டர் தூரத்தில் 0.38 டிகிரிதான். அதாவது ஏழெட்டு பிக்சல். அதில் எண் எப்படித் தெரியும்? குவெஸ்ட் 3-இல் ஒன்பது, பத்து பிக்சல் வரும். அவருடைய மானிட்டரில் பார்வைக் கோணத்தைச் சரியாக வைத்தால் அதே பலகைக்குப் பதினேழு கிடைக்கும். கூர்மையில் மானிட்டரே இன்னும் முன்னால் நிற்கிறது. பலகை இருப்பது தெரிகிறது, எத்தனையாவது என்று எண்ணிக்கொள்ளலாம். நண்பர் நிழல், பாலம், தார் ஒட்டுப்போட்ட இடம் ஆகியவற்றை அடையாளமாக வைத்துக்கொண்டார்.

இன்னொன்று, பின்காட்டும் கண்ணாடிகள். வளையக்கோடு லென்ஸில் நடுப்பகுதி மட்டுமே கூர்மை, ஓரம் மங்கல். ஆகவே கண்ணை மட்டும் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தால் எதுவும் தெரியாது. தலையைத் திருப்ப வேண்டும். பின்னால் கார் ஒட்டி வரும்போது அந்தக் கணம் விலையுயர்ந்தது. குவெஸ்ட் 3-இல் இருக்கும் தட்டை (பான்கேக்) லென்ஸ்களில் ஓரம் வரை தெளிவு. பக்கவாட்டுப் பார்வையும் 96 டிகிரிக்குப் பதில் 110 டிகிரி. இரண்டுக்கும் இடையே பிக்சலைவிடப் பெரிய வித்தியாசம் இதுதான் என்பேன். இணையத்தில் நெருக்கமாகப் பந்தயம் ஓட்டுவதே உங்கள் வழக்கம் என்றால், 3எஸ்-ஐ விட்டுவிட்டு, சில மாதம் சேர்த்துவைத்து, குவெஸ்ட் 3-ஐ வாங்குங்கள். அதிகம் தனியாக, நேரத்தை எதிர்த்து ஓட்டுபவருக்கு 3எஸ் போதும்.

லேப் நேரம் குறைந்ததா என்றால், சிறந்த நேரம் அப்படியேதான் இருக்கிறது. மாறியது சீர்மை. ஒரு லேப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிட்டது, வளைவின் உட்புள்ளியைத் தவறவிடுவது குறைந்துவிட்டது, மற்ற கார்களை இடிப்பது நின்றேவிட்டது. நீண்ட பந்தயங்களுக்கு அவர் இன்னும் மானிட்டரையே நாடுகிறார். ஒருமணி நேரத்துக்கு மேல் முகத்தில் அந்த எடையையும் வியர்வையையும் தாங்க முடிவதில்லை என்கிறார்.

அடுத்த பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் மனதில் குவெஸ்ட் 3 இருக்கிறது. என் பரிந்துரை, மிதிக்கும் தூரத்தை அல்லாமல் அழுத்தும் விசையை அளக்கும் லோட் செல் பிரேக் பெடல். ஆழம் தெரிகிற கண்ணுக்கு இப்போது அவருடைய ஜி29 பெடல்தான் ஈடுகொடுக்கவில்லை. அவருடைய காக்பிட் அந்த அழுத்தத்தைத் தாங்கும்.